சீட்டில் எழுதிய ஊர்

அக்கா,

படத்தில் முதலில் என் கண்ணில் பட்டது பூச்சி அல்ல. அதன் கீழிருந்த சீட்டில், 'ஊட்டி' என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கு மேலிருந்த சுழி. உங்கள் கையெழுத்து.

நீங்கள் இறந்து ஏழு மாதமாகிறது. உங்களோடு வேலை செய்த சார் முந்தாநாள் அந்தப் படத்தை அனுப்பினார். இலையை வாய்நூலால் தைத்து உள்ளே ஒளிந்துகொள்ளும் சில்வண்டுகளில், சிறகுள்ள சிலவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தீர்களே, அதை இப்போது அவர் முடிக்கிறாராம். "ஊட்டிப் பூச்சியும் ஏற்காட்டுப் பூச்சியும் ஒரே மாதிரி இருக்கு. ஊட்டியில பிடிச்சதைப் பத்தி அக்கா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கினேன். வலது சிறகின் நுனி இல்லை.

அது எங்கள் கோழி கொத்தியது. ஏற்காட்டில், எங்கள் தலைச்சோலையில், வீட்டுக்குப் பின்னால், தைத்திருந்த காபி இலையை நான் பிரித்ததும் பூச்சி கீழே விழுந்தது. நீங்கள் செருப்பில்லாமல் கோழியைத் துரத்தினீர்கள். பிறகு அதன் சிறகையும் கால் முள்ளையும் அளந்தபோது அம்மா சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, கோழி திங்கற பூச்சிக்கு இத்தன அளவெடுக்கோணுங்களா?"

"உங்க கோழிக்கு ருசி தெரியுது. உலகத்துக்கு இன்னும் பேரே தெரியலைங்க."

பிடித்த இடத்தைச் சீட்டில் எழுதச் சொன்னீர்கள். எட்டாவதோடு நின்ற என் எழுத்தை யாரும் அதுவரை கேட்டதில்லை. வாயில் வருவதையே பென்சிலில் எழுதினேன்: 'ஊட்டுப் பின்னாடி, காபிச் செடி'. அதற்கு முந்தைய வாரம்தான் நீங்கள் ஊட்டி போய் வந்திருந்தீர்கள். மையில் திருப்பி எழுதும்போது என் 'ஊட்டு'வை 'ஊட்டி' என்று படித்துவிட்டீர்கள்.

தவறு என் எழுத்திலா, உங்கள் கண்ணிலா? இரண்டு நாளாகத் தெரியவில்லை. பேசாமலிருந்தால் அந்தப் பூச்சி ஊட்டியில் வாழ்வதாகவே அச்சாகும். சொன்னால், இனி பதில் சொல்ல முடியாத உங்கள் மேல் பிழை சொன்னவளாவேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்களா, கோபித்திருப்பீர்களா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. "சந்தேகம்னா சந்தேகம்னு எழுது" என்பீர்கள். ஆனால் எனக்குப் பூச்சியில் சந்தேகமே இல்லை அக்கா.

தெரியாதவர்களோடு போனில் பேச எனக்கு நாக்கு எழாது. இன்று காலை நானே அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க சார், அது ஊட்டி இல்லீங்க. எங்க ஊடுங்க."