மோத்திக்கு வைத்த கொள்ளு

1933 ஜனவரி 17, செவ்வாய்

தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குக் கிளம்புமுன் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். மோத்தி குட்டி போட்டுவிட்டது. ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. சாம்பல் நிறம், ஆண் குட்டி. மட்டக்குதிரைதானே, தாய்கூட என் மார் உயரம்தான். குட்டி ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. கால் மட்டும் வளர்ந்து உடம்பு மறந்துபோன மாதிரி இருக்கிறது என்று என் மனைவி ரங்கம்மாள் சிரித்தாள்.

அமீர் பாஷா பார்த்திருக்க வேண்டும். என்னோடு படித்தவன், ஜட்கா ஓட்டுகிறவன். வண்டி சாய்ந்து தொடை எலும்பு முறிந்து, பேரணாம்பட்டில் மகள் வீட்டில் கிடக்கிறான். குதிரையை என்னிடம் விட்டுப் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “குட்டி போட்டு பதினைஞ்சு நாளைக்குத் தவிட்டுக் கஞ்சி, உப்பு, புல்லு. அவிச்ச கொள்ளு ரெண்டு கை. அதுக்கு மேல ஜாஸ்தி வாணாம். அப்புறமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. இளைச்சுத்தான் இருக்கும், பயந்துக்காதே.”

ஜனவரி 19

நஞ்சுக்கொடி சுத்தமாக விழுந்தது. குட்டி பால் குடிக்கிறது. பாஷாவுக்குக் கார்டு போட்டேன்.

ஜனவரி 24, செவ்வாய்

குடியாத்தத்திலிருந்து மைத்துனன் தனகோடியின் கல்யாணப் பத்திரிகை. பிப்ரவரி 9. மாமனார் வீட்டில் இப்போது பன்னிரண்டு தறி ஓடுகிறது. போன தடவை பஸ்ஸை விட்டு இறங்கி மூட்டையோடு நடந்து போனபோது, “மாப்ளே நடந்தா வந்தீங்க?” என்று மாமனார் எல்லோர் எதிரிலும் கேட்டார். சும்மாதான் கேட்டிருப்பார். எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பாஷாவின் ஜட்கா பழுது பார்த்துச் சும்மாதானே நிற்கிறது?

ரங்கம்மாளிடம் சொன்னேன். “பச்சை உடம்புக்காரியைப் பூட்டுவீங்களா?” என்றாள். அதற்குள் தேற்றிவிடலாம் என்றேன்.

ஜனவரி 29, ஞாயிறு

நேற்று ரம்ஜான். பாஷாவைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. போனால் கேட்பான், என்ன போடுகிறாய் என்று.

கொள்ளு இப்போது நாளொன்றுக்கு ஒரு படி, வெல்லம் சேர்த்து. மோத்தி தொட்டியை நக்கி வைக்கிறது. விலா எலும்பு மறைகிறது. ஷாப்பு மேஸ்திரி வேலி ஓரம் நின்று, “இன்னா ரைட்டரே, குதிரை பளபளன்னு ஆயிட்டுது” என்றார். பட்டைக் கொட்டகையில் ஆவாரம்பட்டை நிறுத்துக் கணக்கெழுதிப் பதினாலு வருஷம் ஆகிறது. என் கையால் ஆன எதையும் யாரும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை.

பிப்ரவரி 5, ஞாயிறு

இரண்டு படி. பால் பொங்குகிறது, குட்டி வாயெல்லாம் நுரை. பாஷா பயந்தாங்கொள்ளி.

பிப்ரவரி 8, புதன்

எப்படி எழுதுவேன். காலையில் பூட்டுவதற்கு அவிழ்த்தேன். நகரவில்லை. முன்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்புப் பாரமெல்லாம் பின்னங்காலில் போட்டுக்கொண்டு நின்றது. முரண்டு பிடிக்கிறது என்று — அடித்தேன். இரண்டு அடி. ஓர் எட்டு வைத்தது, நெருப்பில் வைத்த மாதிரி காலை எடுத்தது. குளம்பைத் தொட்டேன். கொதிக்கிறது. வேர்வை, மூச்சு இரைக்கிறது. குட்டி அடியில் புகுந்து முட்டுகிறது, அதற்கு என்ன தெரியும்.

பஸ்ஸில் போனோம்.

பிப்ரவரி 9

கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரு வாய் இறங்கவில்லை.

பிப்ரவரி 11, சனி

லாடம் கட்டுகிற அப்துல் சமதைக் கூட்டிவந்தேன். குளம்பைத் தட்டிப் பார்த்தார். மோத்தி நடுங்கியது.

“இன்னா தீனி போட்டீங்க?”

வாயைத் திறந்தேன். உண்மை வருமென்றுதான் நினைத்தேன். “பாஷா பாய் சொன்ன மாதிரி ரெண்டு கை கொள்ளு. மத்தபடி புல்லுதான்” என்றேன்.

ரங்கம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“அப்போ புல்லுதான் கெட்டது. யார் போடறா? கங்கம்மாவா? ஷாப்புச் சுண்ணாம்புத் தண்ணி போவுதே, அந்த வாய்க்கா ஓரமா அறுத்துட்டு வர்றாளோ என்னவோ.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தேன்.

கொள்ளை அடியோடு நிறுத்தச் சொன்னார். பாலாற்று ஈர மணலில் நிறுத்தினால் சூடு இறங்குமாம்.

பிப்ரவரி 14

நாலு பேர் சேர்ந்து மோத்தியை ஆற்றுக்குக் கொண்டுபோனோம். இருநூறு கெஜம் போக ஒரு மணி நேரம். ஈர மணலில் கால் புதைந்ததும் நீளமாய் ஒரு மூச்சு விட்டது. அதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது.

தீனி குறைந்ததால் பால் வற்றுகிறது. கொள்ளு வைத்தால் குளம்பு போய்விடும், வைக்காவிட்டால் குட்டி பட்டினி. கிண்ணத்தில் ஆட்டுப்பாலை ஊற்றி அதில் விரலை விட்டுக் குட்டிக்குச் சப்பக் கொடுக்கிறேன். ஆறு வேளை. ஷாப்புக்குத் தாமதமாகிறது; ஆகட்டும்.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஜட்கா ஸ்டாண்டு வழியாக வந்தேன். கங்கம்மாள் புல்கட்டுகளை எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமாகக் காலை எட்டு மணிக்கெல்லாம் ஒரு கட்டு மிஞ்சாது. பத்து வண்டிக்கும் அவள் புல்தான். புருஷன் இல்லை, இரண்டு பெண்களை அந்தப் புல்லில்தான் வளர்க்கிறாள். சமத் சொன்னது ஸ்டாண்டு முழுக்கப் பரவிவிட்டது; இன்று ஒருவனும் வாங்கவில்லை. புல் வெயிலில் வாடிக் கிடந்தது.

எழுந்து வந்தாள். “ரைட்டரய்யா, நான் ஆத்தங்கரையில அறுக்கறேன். வாய்க்கா பக்கம் போறதே இல்ல. நீங்களாவது ஸ்டாண்டுல ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

“பாக்கலாம்மா” என்றேன். பாக்கலாமாம்! இன்னாடா மனுஷன் நீ?

பிப்ரவரி 22

ரங்கம்மாள் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோறு போடும்போது மட்டும் கேட்டாள்: “அந்தப் பொண்ணுங்க இன்னிக்கு இன்னா சாப்பிட்டிருக்கும்?”

பிப்ரவரி 26, ஞாயிறு. பேரணாம்பட்டு

பாஷா கயிற்றுக் கட்டிலில் இருந்தான். மோத்தியின் சேதி அவனுக்கு எட்டியிருந்தது; நான் உட்காருமுன்பே ஆரம்பித்தான்: “என் தப்புதான், தோஸ்த். வயித்துல குட்டியோட எட்டு மாசம் வரைக்கும் வண்டியில பூட்டினேன். அதான் கால் போச்சு.” படுத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

என் குற்றத்தை அவன் தலையிலேயே விட்டுவிட்டு வாயை மூடியிருக்கலாம். வழியே அமைத்துக் கொடுத்துவிட்டான். முடியவில்லை. எல்லாம் சொன்னேன் — இரண்டு படி, வெல்லம், கல்யாணம், அடித்தது, சமதிடம் சொன்ன பொய், கங்கம்மாள்.

கத்துவான் என்று காத்திருந்தேன்.

“அடிச்சியா?” என்றான். அதை மட்டும் கேட்டான்.

“ஆமா.”

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது. ஸ்டாண்டுல போய்ச் சொல்லு. போ.”

டீ வந்தது. அவன் குடிக்கவில்லை. நானும் குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லா வண்டியும் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அப்துல் சமதும் இருந்தார். “புல்லு மேல தப்பில்ல. நான் ரெண்டு படி கொள்ளு போட்டேன். பொய் சொன்னேன்.” ஒருவன் சிரித்தான். சமத் காறித் துப்பினார். என் மேல் அல்ல, கீழேதான்.

பிப்ரவரி 28

கங்கம்மாள் வாசலில் நின்றாள். “ஸ்டாண்டுல சொன்னீங்களாமே.”

“ஆமாம்மா.”

“எங்கிட்ட யார் சொல்றது?”

எனக்கு அது தோன்றவே இல்லை. பத்து ஆண்பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்ததே போதும் என்று நினைத்திருந்தேன். வாசலில் இறங்கி நின்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். போய்விட்டாள்.

மார்ச் 14

மோத்தி படுப்பதும் எழுவதுமாக இருக்கிறது. எங்களுக்குக் கங்கம்மாள் புல் போடுவதில்லை. நானே விடியலில் ஆற்றங்கரையில் அறுக்கிறேன். கையெல்லாம் வெட்டு. இன்று அவள் நாலு முழம் தள்ளி அறுத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஏப்ரல் 2

மோத்தி தானாகப் பத்து எட்டு நடந்தது. குட்டி இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து பால் குடித்தது. பால் மறுபடி சுரக்கிறது, புல்லிலேயே.

மே 21, ஞாயிறு

பாஷா கோலூன்றி வந்தான். குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தான், குளம்பில் ஏறியிருக்கிற வளையங்களைத் தடவினான். “ரோட்டுல இனிமே ஓடாது. மணல்ல நடக்கும்” என்றான். என்னைக் கேட்காமலே ஆளனுப்பிக் கங்கம்மாளை வரவழைத்தான். “இதை நீ வெச்சுக்கோ. புல்லு சுமக்கட்டும், ரெண்டு கட்டுக்கு மேல ஏத்தாதே. குட்டி பால் மறந்ததும் எனக்கு.”

மோத்தி குட்டியோடு என் வீட்டிலிருந்து போனது. கொட்டகையைக் கூட்டிக் கழுவினேன். என்னிடம் இருக்கக் கூடாதுதான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பாஷா வாடகைக் குதிரை பூட்டி வண்டி ஓட்டுகிறான். ஸ்டாண்டில் பார்த்தால் தலையசைக்கிறான். முன்போல் வீட்டுக்கு வருவதில்லை.

காலையில் கங்கம்மாள் வாசலுக்கு வந்தாள். “சமத் பாய் குளம்பு சீவ வந்திருக்காரு. காலைப் பிடிக்க ஆள் இல்ல. நீங்க வந்து பிடிங்க.”

செருப்புப் போடவும் மறந்து போனேன். மோத்தி என்னைப் பார்த்துக் காதை நிமிர்த்தியது. குனிந்து முன்காலைத் தொட்டதும், தூக்கி என் கையிலேயே வைத்தது. சமத் சீவி முடிக்கிற வரை என் தோளில் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கங்கம்மாள் கயிற்றைப் பிடித்திருந்தாள்.

“அடுத்த மாசமும் சீவணுமாம்” என்றாள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே.

வருகிறேன் என்றேன்.