உள்ளே பதின்மூன்று, வெளியே பதின்மூன்று

செஞ்சி,
10.7.2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நம் தெரு நலச் சங்கத்தின் வரலாற்றில் நேற்று மறக்க முடியாத நாள். விளையாட்டுத் திடலின் கதவுக்குப் போடும் பூட்டு இரும்பா, பித்தளையா என்று மூன்று மணி நேரம் விவாதித்து, பித்தளையே என ஏகமனதாக முடிவு செய்தோம். எதிர்த்து வாதாடிய ரங்கநாதன் பாதியில் எழுந்து போனதால் ஏகமனது கிட்டியது.

காரணம் நீ அறிந்ததுதான். போன மாதம் ஜல்லி லாரி ஒன்று முருகையன் மகளின் சைக்கிளை நசுக்கிவிட்டுப் போனது. பந்து எடுக்க அவள் இறங்கியிருந்தாள். அதனால் சைக்கிள் மட்டும் போயிற்று. அன்றிலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே தெருவில் எல்லாரும் வாசலுக்கு ஓடி வருகிறோம். ஆகவே பின்பக்கத்துத் தரிசு நிலத்தைச் சுற்றி எட்டடிச் சுவர் எழுப்பினோம். இனிப் பிள்ளைகள் விளையாடுவது அதற்குள்தான்.

செயலாளர் என்ற முறையில் நான் கதவருகே நாற்காலி போட்டு, உள்ளே போகும் தலைகளை எண்ணி நோட்டில் எழுதுகிறேன். ஆறு மணிக்கு விசில். வெளியே வரும் தலைகளை எண்ணுகிறேன். இரண்டும் ஒத்துப்போனால் பூட்டு. இன்று உள்ளே பதின்மூன்று, வெளியே பதின்மூன்று.

போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதம் எழுதலாம் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுத்தில் நான் பொறுமைசாலி போலத் தெரிகிறேன்.

நம் வெயினி நலம். முன்பல் ஒன்று ஆடுகிறது.

அன்புடன்,
நெடுமாறன்


கோயம்புத்தூர்,
15.7.2024

வெயினி நைனாவுக்கு,

நலம். பித்தளைப் பூட்டுக்கு வாழ்த்துகள்.

அந்தத் தரிசில் ஒரு பழைய கிணறு இருந்ததே, அதை என்ன செய்தீர்கள்? பூட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கிணற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உடனே பதில் எழுதுங்கள்.

இன்னொன்று. எங்கள் வார்டில் நோயாளிகளை நாங்கள் எண்ணுவதில்லை. பேரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, கையில் கட்டியிருக்கும் சீட்டையும் படிப்போம். தலையை எண்ணுவது ஆட்டுக்குச் சரி. நீங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இங்கே மூன்றாம் மாடி வீட்டில் பிள்ளை எங்கே விளையாடுவாள் என்று நீங்கள் கேட்டதால்தான் அவளை அங்கே விட்டு வந்தேன். ஞாபகம் இருக்கட்டும்.

ரஞ்சனி


செஞ்சி,
23.7.2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

கிணற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். அதன் மேல் தென்னம்பலகை போட்டு மூடியிருக்கிறோம். சுற்றிலும் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவரும் இருக்கிறது. பேர் கூப்பிடும் யோசனை அருமையானது. ஆனால் எண்ணுவது என்று தீர்மானம் போட்டாயிற்று. திருத்துவதென்றால் அடுத்த மாதக் கூட்டத்தில்தான் முடியும். என் பிள்ளைக்கு மட்டும் சலுகை காட்டுகிறேன் என்ற பேச்சு வரக்கூடாது என்பதால் நான் முகங்களைப் பார்ப்பதே இல்லை.

இன்றும் உள்ளே பதின்மூன்று, வெளியே பதின்மூன்று. பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது. ஆடி மாதம் அல்லவா. வெயினி திடலிலிருந்து நேரே அம்மாக்கண்ணு டீச்சர் வீட்டு டியூஷனுக்குப் போய்விடுவாள். ஏழரைக்குத்தான் வருவாள். தோசைக்கு மாவு இருக்கிறது.

இதைத் திண்டிவனத்தில் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டுத் தாண்டவராயன் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

டீச்சர் இப்போதுதான் போன் செய்தார். "இன்னா சார், வெயினிக்கு உடம்பு சரியில்லையா? டியூஷனுக்கு வர்லியே" என்கிறார். கணக்கு சரியாக இருந்தது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நெடுமாறன்


செஞ்சி,
24.7.2024

ரஞ்சனி,

வெயினி வீட்டில் இருக்கிறாள். இதை முதலில் படி.

ஒளிந்து பிடிக்கிற ஆட்டத்தில், திடல் மூலையில் உள்ள மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். விசில் ஊதியதும் மற்றவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவள் ஜெயிப்பதற்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெரு ஸ்டெல்லாவின் மகன் பந்து எடுக்க நடுவில் உள்ளே போனான். சங்கத்தில் சேராத வீட்டுப் பிள்ளை என்பதால் போகும்போது அவனை எண்ணவில்லை. வரும்போது தலையோடு தலையாக எண்ணிவிட்டேன். பதின்மூன்று.

தெரு முழுக்க ஓடினேன். லாரிச் சாலை வரைக்கும் ஓடினேன். கடைசியில்தான் திடல் நினைவுக்கு வந்தது. மூன்றாம் முறைதான் சாவி துவாரத்தில் நுழைந்தது. உள்ளே இருட்டிவிட்டது. அவள் கத்தியிருக்கிறாள், ஒலிபெருக்கியில் யாருக்கும் கேட்கவில்லை. எட்டடிச் சுவருக்கு வெளியே தெருவைப் பார்க்க அங்கே உயரமான இடம் ஒன்றே ஒன்றுதான். கிணற்றின் கைப்பிடிச் சுவர். அதன் மேல் நின்று ஸ்கிப்பிங் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் பலகையின் மேல் இருந்தது.

கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் வழுக்கும். அதனால் கூப்பிடாமல் பின்னால் போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அவள் கால் உதைத்ததில் ஒரு பலகை உள்ளே போனது. பழக்கதோஷம், எண்ணினேன். ஒன்று, இரண்டு. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"நைனா, என்னை யாரும் கண்டுபுடிக்கல. நான்தான் வின்னு" என்றாள்.

நெடுமாறன்


கோயம்புத்தூர்,
26.7.2024

வெயினி நைனாவுக்கு,

உங்கள் 23-ஆம் தேதிக் கடிதம்தான் எனக்கு முதலில் வந்தது. வார்டு வராந்தாவில் நின்று படித்தேன். கடைசி வரியைப் படித்ததும் போன் செய்தேன். நான்கு முறை அடித்து அவளே எடுத்தாள். "அம்மா, பல்லு வியுந்துட்ச்சி" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று தெரியவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. பிள்ளை மேல் உங்களுக்கு எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. ஊசி போடும்போது கேட்கிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பள்ளியில் டி.சி. எழுதி வாங்கி வையுங்கள். இங்கே விளையாட இடம் இல்லைதான். மொட்டை மாடிக்கு நான் கூடவே போவேன்.

ரஞ்சனி


செஞ்சி,
6.8.2024

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நீங்கள் இருவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. வெயினி தன் ஸ்கிப்பிங் கயிற்றை விட்டுப் போயிருக்கிறாள், இத்துடன் அனுப்புகிறேன்.

சங்கம் நேற்று கூடியது. கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை போடுவது என்றும், இனிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது என்றும் விவாதமின்றி முடிவானது. நோட்டில் பேர்களை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துத்தான் டிக் போடுகிறேன்.

இன்று உள்ளே பன்னிரண்டு, வெளியே பன்னிரண்டு.

நெடுமாறன்