நூற்றெண்பது கிராம் வெள்ளி

ஏர்பேடு
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஹரிக்கு,

கோதை எழுதுவது. நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், பாதி நலம். வாட்ஸ்அப்பில் ரெண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய், பேப்பரில் எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்பு என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். டென்த் பரீட்சைக்கு அப்புறம் நான் இவ்வளவு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஹோமியோபதி டாக்டரம்மா ஆனதும் உனக்கு வந்த கொழுப்பைப் பாரேன்!

நீ கேட்டவற்றுக்குப் பதில். நந்திதாவுக்கு எட்டு மாதம். எடை ஐந்து கிலோ இருநூறு. பிறந்தபோது இரண்டே முக்கால். இன்னும் உட்காரவில்லை. பால் குடிக்கத் தொடங்கினால் ரெண்டு நிமிஷத்தில் களைத்துப்போய் விட்டுவிடுகிறாள், பிறகு பசியில் அழுகிறாள். குடிக்கும்போது தலை வேர்க்கிறது, என் புடவை நனைகிற அளவுக்கு. அடிக்கடி சளி. சிரிப்பாள். யார் தூக்கினாலும் சிரிப்பாள்.

அவருக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்ட். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே "புள்ள துன்னுச்சா?" என்பதுதான் முதல் பேச்சு. எதிர்வீட்டுக்காரி தன் ஐந்து மாதப் பிள்ளையை இவள் பக்கத்தில் படுக்கவைத்து நீளம் பார்க்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏதாவது செய்யடி.

உன் பழைய பெஞ்சுக்காரி,
கோதை

---

சித்தூர்
8 ஆகஸ்ட் 2024

அடி கோதை,

இப்படி எழுதினால்தானே பிள்ளை என் கண்முன் தெரிகிறாள்! தலை வேர்க்கிறது என்று எழுதினாயே, அந்த ஒரு வரி போதும். எங்கள் புத்தகத்தில் அதற்கென்றே மருந்து இருக்கிறது, கல்கேரியா. தலை வேர்வை, மெதுவான வளர்ச்சி, அடிக்கடி சளி என்றால் வேறு யோசனையே கிடையாது. பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் மனைவி சுமித்ரா என்று ஒருத்தி வருகிறாள். அவள் பையனுக்கும் இதே தலை வேர்வை, இதே இளைப்பு. அவனுக்கும் இதைத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

காலையில் நாலு உருண்டை, தாய்ப்பாலில் கரைத்து ஊட்டு. கற்பூரம் கிட்டே வரக் கூடாது. நெல்லூர் போகிற பஸ் டிரைவரிடம் டப்பாவைக் கொடுத்திருக்கிறேன், உங்கள் ஸ்டாப்பில் வாங்கிக்கொள். ஒரு மாதம் கழித்து எடை போட்டு எழுது.

எதிர்வீட்டுக்காரியை நான் வந்து கவனித்துக்கொள்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, கழுதை.

உன்,
ஹரி

---

ஏர்பேடு
16 செப்டம்பர் 2024

அன்புள்ள ஹரி,

நல்ல சேதி முதலில். எடை கூடியிருக்கிறது! ஐந்து கிலோ நானூறு. அங்கன்வாடி டீச்சர் வெங்கடம்மா எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்றார், நான்தான் பிடுங்கி உனக்கு அனுப்புகிறேன்.

போன வாரம் விஜயபுரத்திலிருந்து அத்தை வந்திருந்தார். பிள்ளைக்கு வெள்ளியில் அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாம் போட்டுவிட்டார். "வெறும் இடுப்பா வுட்டா புள்ள எப்படிடி தேறும்? ஒரு வயசு ஆவற வரைக்கும் இத்தக் கழட்டக் கூடாது, ஆமா" என்று எனக்குக் கண்டிப்பு. பிள்ளை காலை ஆட்டினால் வீடெல்லாம் சத்தம்.

இன்னொரு விஷயம். தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுருக்கினார். இருதயத்தில் ஏதோ சத்தமாம். திருப்பதிக்குப் போய் எக்கோ என்கிற இருதய ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் லீவு கேட்கிறேன் என்கிறார். போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதைத்தான் செய்வேன்.

உன்,
கோதை

---

சித்தூர்
19 செப்டம்பர் 2024

என் தங்கமே,

இருநூறு கிராம்! உன் கடிதத்தைப் படித்துவிட்டு கிளினிக்கில் தனியாக உட்கார்ந்து அழுதேன், சத்தியமாய். சுமித்ராவிடமும் அந்தச் சீட்டைக் காட்டினேன்.

திருப்பதிக்கு இப்போது எதற்கு? இருதயத்தில் கோளாறு என்றால் பிள்ளைக்கு இப்படி எடை ஏறுமா? அங்கே போனால் அந்த மருந்து இந்த மருந்து என்று ஊற்றி, நம் மருந்து செய்கிற வேலையைக் கெடுத்துவிடுவார்கள். தேறி வருகிற பிள்ளையைப் போட்டு அலைக்கழிக்காதே. ஒரு மாதம் பொறு. இன்னும் இருநூறு ஏறட்டும், பிறகு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

என்னை நம்புடி.

ஹரி

---

சித்தூர்
20 அக்டோபர் 2024

அடி கோதை,

ஒரு மாதமாய் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனும் ஆஃப். மருந்துப் பார்சலை வாங்க யாரும் வரவில்லை என்று டிரைவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார், அதனால் இதைத் தபாலில் போடுகிறேன். கோபமா? நான் என்ன செய்தேன்?

நந்து உட்காருகிறாளா? எடை என்ன? சுமித்ரா பையன் நூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறான். உன் மகள்தான் இன்னும் முன்னால் இருக்கிறாள். இது கிடைத்த அன்றே போன் வராவிட்டால் பேசவே மாட்டேன், போ.

ஹரி

---

ஏர்பேடு
6 நவம்பர் 2024

ஹரிப்ரியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தெரியாமல் எழுதியிருக்கிறாய். நந்திதா அக்டோபர் பதினொன்றாம் தேதி காலை போய்விட்டாள்.

ஏழாம் தேதி சளி கட்டி மூச்சு இழுத்தது. அவர் ஷிப்ட்டை விட்டு ஓடிவந்தார். திருப்பதியில் சேர்த்தோம். நர்ஸ் முதலில் அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள். அப்புறம் எடை போட்டாள். ஐந்து கிலோ இருநூற்றிருபது. "இல்ல சிஸ்டர், அஞ்சு நானூறு இருப்பா" என்றேன். மறுபடியும் போட்டுக் காட்டினாள். அதேதான்.

இருதயத்தில் பெரிய ஓட்டையாம். பால் குடிப்பதே அவளுக்கு மூட்டை சுமக்கிற மாதிரியாம், தலை வேர்த்தது அதனால்தான். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் அந்தக் கவரை எடுத்துப்போய் நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தேன். நூற்றெண்பது கிராம். கடைக்காரர் விற்கவா என்று கேட்டார். இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

உனக்கு ஒன்று எழுதாமல் விட்டிருந்தேன், ஹரி. அன்றைக்கு அங்கன்வாடியில் வெங்கடம்மா வெள்ளியைக் கழற்றச் சொன்னாள். நான்தான், "கழட்டக் கூடாது டீச்சர், எங்க அத்தை சண்டைக்கு வருவாங்க, அப்டியே போடுங்க" என்றேன். அத்தைக்குப் பயந்தது பாதிதான். எடை கூடிவிட்டது என்று ஒருத்தராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஒன்பது மாதமாய் யாரும் சொல்லவில்லை. முள் ஏறியதும் அவள் "பருவு பெரிகிந்தி கோதம்மா," எடை கூடிவிட்டது என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. சோறு போட்டால் தின்கிறேன். துணி துவைக்கிறேன். எதிர்வீட்டுக்காரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வாயைத் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். உன்மேல் கோபம் இருக்கிறதா என்று யோசித்தேன். இருக்கிறது. என்மேலும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியவில்லை.

சுமித்ரா பையனுக்கும் தலை வேர்க்கிறது என்று எழுதியிருந்தாய். அவன் நூற்றைம்பது கிராம் ஏறியிருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறாய். அவன் இடுப்பிலும் காலிலும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார். அதைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய், இன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போகச் சொல். எக்கோ எடுக்கச் சொல். மறுத்தால் நந்திதாவைப் பற்றிச் சொல். என் மகளின் சீட்டைக் காட்டியவள்தானே நீ, இதையும் சொல்.

எக்கோவில் என்ன வந்தது என்று ஒரே ஒரு வரி எழுதி டிரைவரிடம் கொடுத்தனுப்பு. அதற்காக மட்டும் ஸ்டாப்புக்கு வருவேன். வேறு எதுவும் எழுதாதே.

கோதை