பாலத்தை மறித்து நின்றேன்

பாடசாலை முகாம்,
கரவனெல்ல.
19.06.2024

அன்பான கணவர் விஜேந்திரனுக்கு, கோகிலா எழுதுவது.

அங்கே வெயில் கடுமையாக இருக்கும். வேலைக்கு நடுவே தண்ணீர் குடியுங்கள். நம் மகள் சுமித்ராவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்கு முன்பல் இரண்டு இல்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "எங்கண்ணன் கால ஒடச்சது நீயா?" என்று. நான் போனை வைத்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் நான் அழுவேன், இல்லையென்றால் பாதியில் நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படியுங்கள்.

ஆமாம். நான்தான் உடைத்தேன்.

நீங்கள் வெளிநாடு போன வருஷம்தான் மேல்மலையில் பழைய ரப்பர் மரங்களை அடியோடு சாய்த்து, பேக்கோ மெஷின் விட்டுப் பாதை வெட்டினார்கள். அதன்பிறகு மலையில் வெடிப்பு விட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, நம் இரண்டு லயத்து வரிசை வீடுகளும் ஆபத்து என்று சிவப்புக் குறி போட்டார்கள். கோயில் பக்கத்து மேட்டில் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அத்திவாரத்தோடு அது நின்றது. வீடு வரும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே என்று நாங்கள் பொம்பளைகள் பத்தொன்பது பேர் குழு அமைத்தோம். ஞாயிறு ஞாயிறாக லயங்களுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் திரும்பிப்போகக் கான் வெட்டினோம். சரிவில் வேரால் மண்ணைப் பிடிக்கும் சவந்தரா புல் நட்டோம். மழை அளக்கும் போத்தலை என்னிடம் தந்தார்கள். எழுபத்தைந்து மில்லிமீற்றரில் கவனம், நூறில் மூட்டை கட்டு, நூற்றைம்பதில் வெளியேறு. அவ்வளவுதான் பாடம்.

உங்கள் அண்ணன் தன் காம்பரா வீட்டுக்குப் பின்னால் இருந்த கானை மண் போட்டு மூடி ஆட்டுக்கொட்டில் போட்டார். நாங்கள் திரும்ப வெட்டினோம். எல்லார் முன்னாலும் என்னை அறைந்தார். அன்றைக்கு உங்களுக்குச் சொன்னேன். "அண்ணன்தானே, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றீர்கள். நானும் அனுசரித்துப் போனேன். கான் மூடியே கிடந்தது.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. போன வருஷம் இரண்டு தடவை என் பேச்சைக் கேட்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். மலை அசையவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அவருடைய ஆடுகள் நான்கையும் யாரோ ஓட்டிப் போயிருந்தார்கள். "ஒன் போத்தலு சொன்னிச்சுன்னு ஓட இனி நா வர மாட்டேன். செத்தாலும் என் காம்பராவுலதான்" என்றார். அவர் அதைச் சொன்னபோது பலர் தலையாட்டினார்கள்.

மூன்றாம் திகதி திங்கட்கிழமை. காலையில் பார்த்தபோது நூற்றுப் பன்னிரண்டு. பதினொரு மணிக்கு நூற்று அறுபத்தெட்டு. மலையிலிருந்து வரும் பீலித்தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினேன். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள், வைதுகொண்டேதான், ஆனாலும் கிளம்பினார்கள்.

மேல் லயத்தில் உங்கள் அண்ணன் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். குடித்திருக்கவில்லை. இதை நான் தெளிவாக எழுத வேண்டும், அவர் சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. உள்ளே மூக்காயி அக்காவும் பிள்ளைகள் நிலுஷாவும் சின்னவளும். கிளம்பப் பார்த்த அக்காவின் மண்டையை அவர் கதவு நிலையில் மோதியிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முகமெல்லாம் இரத்தம். சின்னவள் அதைப் பாவாடையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூட்டை உடைக்க இரும்பு அலவாங்கு கொண்டுபோனேன். "என் பொண்டாட்டி புள்ளைய கூட்டிட்டுப் போக நீ யாருடி?" என்று கத்தியின் பக்கவாட்டால் வாயில் அடித்தார். பல் இரண்டும் நாக்கில் கிடந்தன. துப்பினேன். அவர் கத்தியைத் திருப்பிப் பிடிப்பதைப் பார்த்தேன். அலவாங்கால் அவர் முழங்காலில் அடித்தேன். காய்ந்த மிலாறுக் குச்சி முறிகிற சத்தம். விழுந்துவிட்டார். கத்தியும் கையை விட்டுப் போய்விட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதே காலில் இன்னொரு அடி போட்டேன். முதல் அடி பிள்ளைகளுக்காக. இரண்டாவது எதற்கென்று எனக்குத் தெரியும். அன்று எல்லார் முன்னாலும் வாங்கிய அறைக்கு. இதைப் பொலிஸுக்கும் சொல்லவில்லை, சாமிக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பூட்டை உடைத்து மூன்று பேரையும் வெளியே இழுத்தேன். நிலுஷா வர மாட்டேன் என்று அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். என் கையைக் கடித்தாள். பிய்த்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் அலவாங்கோடு ஓடினேன்.

பாலத்தைத் தாண்டி ஃபேக்டரி மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் கால் உடைந்து கிடக்கிறார் என்று அக்கா சொன்னதும் நம் லயத்துச் சசியும் மயில்வாகனம் அண்ணனும் அவரைத் தூக்கிவரக் கிளம்பினார்கள். அவர்கள் பாலத்துக்கு வந்த நேரம் கீழே ஓடிய ஆற்றுத்தண்ணீர் சட்டென்று நின்றுவிட்டது. அவ்வளவு மழை பெய்கிறது, ஆற்றில் தண்ணீர் இல்லை. மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் ஓடு என்றும் சொல்லியிருந்தார்கள்.

நான் அலவாங்கை எடுத்துக்கொண்டு அவர்களை முந்தி ஓடிப் பாலத்தின் நடுவில் நின்றேன். "ஒரு அடி வச்சீங்கன்னா ஒங்க காலையும் ஒடைப்பேன்" என்றேன். சசி கும்பிட்டு அழுதான். மயில்வாகனம் அண்ணன் என்னைத் தள்ளப் பார்த்தார். அவர் தோளில் அடித்தேன். அவர்கள் நின்றார்கள்.

அங்கிருந்து லயம் தெரியும். உங்கள் அண்ணன் வாசலைவிட்டு இறங்கிக் கையால் ஊர்ந்து வந்தார். கூப்பிட்டார். என்னை அல்ல, நிலுஷாவைக் கூப்பிட்டார். நான்கு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு மலை வந்தது. மரமும் பாறையும் தகரமும் ஒன்றாக, கறுப்பாக, நின்ற உயரத்திலேயே நடந்து வந்தது. மேல் லயம் பதினொரு காம்பராவும் போனது. கீழ் லயம் நிற்கிறது. எழுபத்திரண்டு பேர் உயிரோடு இருக்கிறோம்.

அந்த நான்கு நிமிடத்தில் அவர்கள் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்க முடியுமா? தினமும் கணக்குப் பார்க்கிறேன். ஒரு நாள் முடியும் என்று வருகிறது. மறுநாள் மூன்று பிணம் என்று வருகிறது. அங்கே இப்போது பாதையே இல்லை, நடந்து பார்க்கவும் முடியாது.

இரண்டாம் நாள் ஆர்மிக்காரர்களும் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன்களும் தோண்டி எடுத்தார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் காலைப் பார்த்து அடையாளம் சொன்னேன்.

பொலிஸ் கேட்டபோது மூக்காயி அக்கா, சுவர் விழுந்து கால் உடைந்தது என்றார். அதன்பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்குப் போனில் சொன்னது நிலுஷா. எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்லவில்லை. அவளைக் கோபிக்காதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம்.

தோட்ட நிர்வாகத்தார் எங்களை மலைக்கு மறுபக்கத்தில் தகரக் கொட்டகைக்குப் போகச் சொன்னார்கள். அதுவும் வெட்டின சரிவுதான். நாங்கள் பத்தொன்பது பேரும் பிள்ளைகளோடு றோட்டில் உட்கார்ந்தோம். பொலிஸ்காரர்கள் தடியால் அடித்தார்கள். எழும்பவில்லை. உட்கார்ந்த மூன்றாம் நாள் பெரிய அதிகாரிகள் வந்து, கோயில் மேட்டு வேலையைத் தொடங்க ஒப்புக்கொண்டார்கள். முதலில் கான், அப்புறம் சுவர் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறோம்.

நேற்று புதுப் போத்தல் கொண்டுவந்தார்கள். யார் பொறுப்பெடுப்பது என்று கேட்டதற்கு ஒருவரும் கை தூக்கவில்லை, நானும் தூக்கவில்லை. மூக்காயி அக்கா எழுந்துபோய் அதை வாங்கி, என் மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

கருமாதியை நீங்கள் வரும்வரை தள்ளி வைத்திருக்கிறோம். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும். லீவு கேளுங்கள். எனக்காக வர வேண்டாம், அவருக்காக வாருங்கள். வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நான் எங்கேயும் ஓடமாட்டேன்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இன்றைக்கு மறுபடியும் அதே மழை பெய்தால், இரண்டாவது அடியை அடிக்க மாட்டேன். பாலத்தில் மட்டும் அப்படியேதான் நிற்பேன். மேலே இருப்பது நீங்களாக இருந்தாலும்.

உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தினமும் விளக்கேற்றுகிறேன். வந்துவிடுங்கள்.

உங்கள்
கோகிலா