மாமன் மடி

ஆவணி 3, புதன்

காலையிலிருந்து போடிமெட்டுப் பக்கம் மேகம். இங்கே வெறும் காற்று. துவைத்தது எதுவும் காயவில்லை.

ஏலக்காய் பொறுக்கப் போனேன். நான் உட்கார்ந்ததும் மற்ற பெண்களின் பேச்சு நின்றது. தம்பி வீடியோ போட்டிருக்கிறான், வேறென்ன. ஜெர்மனியில் இருந்துகொண்டு மறுபடி அரசாங்கத்தைக் கிழித்திருக்கிறான். மலைக் கிராமத்துக்கு ரோடு இல்லை, நோயாளியை இன்னும் போர்வையில் கட்டித் தூக்கி வருகிறார்கள் என்று. சொல்வது நிஜம். சாப்பாட்டு வேளையில் ஒளித்து வைத்துப் பார்த்தேன். லைக் போடவில்லை. போட்டால் என் பேர் தெரியும். இளைத்துப் போயிருக்கிறான்.

மகள் காதுகுத்துக்கு வாங்க வேண்டியது: மஞ்சள், பூ, பாப்பாவுக்குத் தோடு. ஜமுக்காளம் இரவல்.

ஆவணி 5, வெள்ளி

சாரல். தம்பி போன்.

"வந்தா ஏர்போர்ட்லயே பிடிச்சுருவாய்ங்க அக்கா. கேசு இருக்குல்ல. நீ காதுகுத்தத் தள்ளிப் போடாத."

தாய்மாமன் மடியில் உட்காராமல் என்ன காதுகுத்து? "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்லடா" என்றேன். போனை வைத்தபிறகு ஏன் சொன்னோம் என்று இருந்தது.

சித்தப்பா மகன் முருகேசன் அவனுக்குப் பதிலாக உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான். அந்த மட்டில் நிம்மதி.

ஆவணி 8, திங்கள்

முருகேசன் வந்தான். காபி வேண்டாமாம்.

"தப்பா நினைக்காத அக்கா. நான் கவர்மெண்டு சோலி பாக்குறவன். அவன் எடத்துல உக்காந்து, போட்டோ கீட்டோ வெளிய போச்சுன்னா..."

மாமன் முறையில் இன்னும் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவருக்குத் தேவாரம் ஊரில் அவசர வேலை. நல்ல காய்ச்சல், நல்ல வேலை. வீட்டுக்காரர் எஸ்டேட்டிலிருந்து போனில், "ஒத்திப் போடுவமா?" மாட்டேன் என்றேன். அப்புறம் அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆவணி 11, வியாழன்

வெயில். கோயிலில் பாதி ஜமுக்காளம் காலி.

ஆசாரி ஊசியோடு, "மாமன் யாருத்தா? வெரசா வரச் சொல்லு."

யாரும் அசையவில்லை. நானே பலகையில் உட்கார்ந்து பாப்பாவை மடியில் வாங்கினேன்.

"நீயா?"

"அவனுக்குப் பதிலு நான்தேன். குத்துங்க."

வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் தம்பி. உலகத்துக்கே பேசுகிறவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பா வீறிட்டாள். படம் அணைந்தது. சிக்னலா, அவனே வைத்துவிட்டானா தெரியாது.

பொழுது சாய்ந்தது. வழக்கமாக அவன் வீடியோ வரும் நேரம். வரவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அரசாங்கத்தைத் திட்டவாவது வந்திருக்கலாம்.

அந்த ரோடு வீடியோவையே மறுபடி பார்த்தேன். லைக் போட்டேன்.