இரண்டரைக் கிலோ

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது: அந்த லேப்டாப் எனக்கு வேண்டாம்.

காளிராஜ் அண்ணன் தன் போனில் படத்தைக் காட்டினான். பெரியப்பா மகன், நைன்ட்டி ஃபீட் ரோட்டில் மொபைல் பழுது பார்க்கிறான், அதனால் எங்கள் வீட்டில் திரை உள்ள எதற்கும் அவன் சொல்வதுதான் சட்டம். வெள்ளி நிறம், விரல் தடிமன். அப்பா போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "பதினாலு இஞ்சு. ஒண்ணே கால் கிலோ இருக்கும்." சரியாகச் சொன்னார். தாராவியில் இருபது வருடமாக லேப்டாப் பை தைப்பவர். எந்த லேப்டாப்பையும் அதன் பையை வைத்தே அவருக்குத் தெரியும். மெலிசு பைக்கு நல்ல தோல் போடுவார்கள், அதைப் பெரிய ஆபீசர்கள் வாங்குவார்கள். தடித்த பைக்கு ரெக்சின்தான். ஆகவே மெலிசு உசத்தி.

"ஏட்டி, பிடிச்சிருக்கா?" என்றார்.

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

வேண்டாம் என்றால் காரணம் கேட்பார். படிப்புக்குப் போதாது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஞாயிறுதோறும் தோழி சஃப்ரீன் வீட்டில் நான் "படிப்பது" என்ன என்பது. கம்ப்யூட்டர் விளையாட்டு: ஐந்து பேர் அணி, எதிரே ஐந்து பேர். நான் தள்ளி நின்று குறிபார்த்துச் சுடுபவள்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி. வீட்டில் என் வயதுக்காரர் யாருக்கும் தமிழ் படிக்க வராது.

ஆகஸ்ட் 18, திங்கள்

அண்ணன் லேப்டாப் கடையில் டோக்கன், அதாவது முன்பணம், கொடுத்துவிட்டானாம். சனிக்கிழமை போய் எடுக்க வேண்டியதுதான். அப்பாவின் சீட்டுப் பணம் முழுவதும் இதற்கே. ஆக, எஞ்சினியரிங் படிக்கும் நான்கு வருடத்துக்கும் இந்த ஒன்றுதான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழை. சயானில் தண்டவாளம் முழுகிவிட்டது. அப்பா பட்டறைக்குப் போகவில்லை. நாள் முழுவதும் எல்லோரும் ஒரே அறையில் இருந்தோம். சொல்வதற்கு எவ்வளவு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்று வாரத்துக்கு முன் கையில் எடுத்த நாவல் பாதியில் நிற்கிறது. லேப்டாப் விமர்சனங்களைத்தான் படிக்கிறேன். இலக்கியக்காரர்களைவிட இவர்கள் நன்றாகச் சண்டை போடுகிறார்கள்.

தெரிந்துகொண்டது இது. திரையில் படத்தை ஓட்டுவது கிராஃபிக்ஸ் கார்டு. ஒரே பெயருள்ள கார்டுக்கு ஒரு லேப்டாப்பில் ஐம்பது வாட் மின்சாரம், இன்னொன்றில் நூறுக்கு மேல். பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். மின்சாரம் கூடினால் சூடு கூடும். சூடு வெளியேற இடம் வேண்டும். இடம் என்றால் தடிமன். அண்ணன் பார்த்த மெலிசானதில் தனிக் கார்டே கிடையாது.

நான் தேர்ந்தெடுத்தது கறுப்பு, பதினாறு இஞ்சு, இரண்டரைக் கிலோ. அழகில்லை. விலை ஏறக்குறைய அதேதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாதியைச் சொன்னேன். கம்ப்யூட்டர் எஞ்சினியரிங்குக்கு இதுதான் தாங்கும் என்று.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். "காலேஜுக்குத் தாணேல எறங்கி ரயில் மாறி ஐரோலி போவணும். அந்தக் கூட்டத்துல ரெண்டரைக் கிலோவ முதுவுல மாட்டிக்கிட்டு ஏறுவியா? நாலு வருசம்ளா."

அண்ணன் சிரித்தான். "அது கேமிங் லேப்டாப் சித்தப்பா. பசங்க வாங்குறது. இவ என்ன செய்யப் போறா, கீபோர்டுல லைட் எரியுறத வேடிக்கை பாக்கவா?"



ஆகஸ்ட் 22, வெள்ளி

சஃப்ரீன் ஒரு பெண்டிரைவில் எங்கள் விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். "நான் முப்பதாம் தேதி புனே ஹாஸ்டலுக்குப் போறேன். மெஷினும் என்கூட வருது. அப்புறம் நீ எதுல வெளையாடுவ, உங்கப்பா தையல் மெஷின்லயா?"

ஆகஸ்ட் 23, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

லேமிங்டன் ரோடு, கம்ப்யூட்டர் கடைகளின் தெரு. அப்பா, அண்ணன், நான். கடைக்காரர் அண்ணனைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். வெள்ளி லேப்டாப் பில்லுக்குத் தயாராக இருந்தது. பக்கத்து மேசையில், காட்சிக்கு வைத்த கறுப்பு. நான் பெண்டிரைவை எடுத்து வைத்து, இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். கடைக்காரர் அண்ணனிடம் இந்தியில் கேட்டார்: விளையாடுவது யார், தம்பியா?

"நான்தான்" என்றேன். அவருக்கு இந்தியில் ஒருமுறை. பிறகு அப்பா பக்கம் திரும்பித் தமிழில்: "நான்தாம்ப்பா. ரெண்டு வருசமா. சஃப்ரீன் வீட்டுல."

அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

"என்ன வெளையாட்டு?"

"சுடுறது."

"யார?"

"எதிர்க்க இருக்க அஞ்சு பேர."

கொஞ்சம் யோசித்தார். "நல்லாச் சுடுவியா?"

"நல்லாச் சுடுவேன்."

என்னைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

முதலில் வெள்ளி. படம் விட்டுவிட்டு ஓடியது. எதிரி இங்கே இருந்தான், அடுத்த கணம் அங்கே. மூன்று முறை செத்தேன். பத்து நிமிடத்தில் அப்பா அதன் அடியில் உள்ளங்கையை வைத்தார், ஒட்டிய தோல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வைப்பாரே, அப்படி. உடனே எடுத்துவிட்டார்.

"இந்தச் சூட்டோட பைக்குள்ள போட்டா சொல்யூஷன் எளகிரும்லே" என்றார் அண்ணனிடம். சொல்யூஷன் என்பது தோலோடு உள்துணியை ஒட்டும் பசை. "போன வருசம் நாப்பது மெலிசு பை லைனிங் பிரிஞ்சு திரும்பி வந்துச்சுல்லா? ஒட்டுனது சரியில்லன்னு சேட்டு என்னைய ஏசினான். நானும் என் கைதான் தப்புன்னு நெனச்சேன்."

பிறகு கறுப்பு. விசிறி இரைந்தது, பின்பக்கம் அனல் அடித்தது, ஆனால் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. இருபது நிமிடம். பக்கத்துக் கவுண்ட்டர் ஆட்கள் பின்னால் வந்து நின்றார்கள். அண்ணன் தன்னை மறந்து, "ஏ கோகிலா, பின்னால வாரான், பின்னால" என்றான்.

"தெரியும்ணே." திரும்பிச் சுட்டேன்.

அப்பா கறுப்பை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "கனந்தான். தூக்கிருவியா?"

"தூக்கிருவேன்."

கடைக்காரரிடம் தன் இந்தியில் சொன்னார்: "வோ காலாவாலா தேதோ." அந்தக் கறுப்பையே கொடு என்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா சந்தனத்தோடு வந்தாள். காற்று போகும் துளைகளைக் காட்டி, இங்கே மட்டும் வேண்டாம் என்றேன். "மூக்குல ஏன் வைக்கேன், நெத்தியிலதான் வைப்பேன்." மூடியின் நடுவில் பொட்டு வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் சுடுற வெளையாட்ட வெளிய சொல்லிராத. சொந்தக்காரங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாவ."

அப்பா அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பை தைக்கிறார். இரண்டு அளவு எடுத்தார் — லேப்டாப்பை ஒருமுறை, என் தோளை ஒருமுறை.

நவம்பர் 11, செவ்வாய்

கல்லூரியின் கேமிங் அணிக்குத் தேர்வு. நாற்பத்தொரு பையன்கள், நான். ஐந்து பேரை எடுத்தார்கள். ஐந்தில் ஒருத்தி நான்.

டிசம்பர் 14, ஞாயிறு

பதினாறு கல்லூரி அணிகள். நாங்கள் முதலிடம். கடைசிச் சுற்றில் எங்கள் பக்கம் நான் மட்டும் மிச்சம், எதிரே இரண்டு பேர். இரண்டு பேரையும் சுட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

அப்பா பட்டறையில் எல்லோருக்கும் டீ சொன்னாராம். என்ன விசேஷம் மாசானம் என்று கேட்டதற்கு, "மவ கம்ப்யூட்டர்ல சுட்டு ஜெயிச்சிருக்கா" என்றாராம். அண்ணன் வந்து சொன்னான். அம்மா சமையலை நிறுத்தாமல், "யார் யாரு இருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் நாக்பூரில் மாநிலப் போட்டி. என்னைக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்கள்.