மேனேஜர்னா வாழைப்பழம் வாங்கறவ

பிப்ரவரி 5, வியாழன்

காலையில பனி. பாலத்துல எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியல. ஸ்கூல் ஆபீஸ்ல நாள் பூரா ப்ளஸ் டூ பசங்க லிஸ்ட் சரிபார்ப்பு. மோர் சாதம், நார்த்தங்காய்.

எச்.எம். கூப்பிட்டாங்க. நம்ம பொண்ணுங்க ஃபுட்பால் டீம் கோச் ஆரோக்கியம் சார் பேரை மாவட்ட விருதுக்கு அனுப்பணுமாம். அவர் ஏன் பெரிய கோச்னு ஒரு பக்கம் வேணும். திங்கள் சாயந்திரத்துக்குள்ள. "நீங்கதானே வைதேகி டீம் மேனேஜர், நீங்களே எழுதிடுங்க." சரின்னேன்.

இப்பல்லாம் எல்லாத்துக்கும் சரிதான். இவர் போய் ஆறு மாசம். பாங்க், பென்ஷன், இன்ஷூரன்ஸ், காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்து. மேனேஜர் ஆனதும் அப்படித்தான். பொண்ணுங்க டீமோட ஒரு லேடி போகணும்னு ரூல். பி.டி. டீச்சர் பிரசவ லீவு. எச்.எம். பேப்பரை நீட்டினாங்க, போட்டேன்.

வேலை: வாழைப்பழம். தண்ணி கேன். ஐஸ். வயசு சர்டிஃபிகேட் ஃபைல். பஸ்ல தலை எண்ணறது. டீம் லிஸ்ட்ல சைன், அது இல்லாம ரெஃப்ரி லிஸ்ட்டை வாங்க மாட்டார். ஆட்டம் ஒரு மண்ணும் தெரியாது.

சாயந்திரம் பவித்ரா ஃபோன், பெங்களூர்லேருந்து. மாப்பிள்ளை சிரிக்கிறாராம். இங்கிலாந்துல மேனேஜர்னா டீமுக்கே ராஜாவாம், யாரை இறக்கறது, யாரை எடுக்கறது எல்லாம் அவர்தானாம். "அப்ப உங்கம்மா பெரிய ஆள்"னாராம். இங்க அதெல்லாம் கோச் வேலைம்மா, மேனேஜர்னா வாழைப்பழம் வாங்கறவன்னு சொன்னேன். அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல, வரலைன்னு வருத்தமும் இல்ல.

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில். திருவெறும்பூர் கிரவுண்டுல செமி ஃபைனல். 2-1, ஜெயிச்சாச்சு. ரெண்டு கோலும் நந்தினி. பச்சைமலைப் பொண்ணு, ஹாஸ்டல்ல இருந்து ப்ளஸ் டூ படிக்கிறா. ரெண்டாவது கோல்ல எதிர் டீம் கீப்பர் தலையோட இவ தலை மோதித்து. டங்குனு சத்தம் எனக்கே கேட்டது. ஆரோக்கியம் சார் ஓடிப்போய் விரலைக் காட்டி எத்தனைன்னார். சரியா சொன்னா. ஆடினா.

அப்புறம் குழாய்க்குப் பின்னாடி வாந்தி. நான் மட்டும்தான் பார்த்தேன்.

"சார்கிட்ட சொல்லாதீங்க மேடம். ஃபைனல் பார்க்க காலேஜ்லேருந்து வராங்க. சீட் கிடைச்சா ஃபீஸே இல்ல. இல்லன்னா நான் ஊருக்குப் போய் கிழங்கு வெட்ட வேண்டியதுதான்."

அதுக்கும் சரின்னேன். ஒரு வாழைப்பழம் குடுத்தேன். வேண்டாம்னா.

ராத்திரி சாப்பாடு இல்ல, பால் மட்டும். பக்கம் எழுத உட்கார்ந்தேன். பெரிய கோச்னா:
கப். (எச்.எம். ரூம் அலமாரி பூரா.)
அவர்கிட்ட ஆடி போலீஸ் வேலைக்குப் போன பொண்ணுங்க.
தோத்தா திட்ட மாட்டார். ஜெயிச்ச அன்னைக்குத்தான் திட்டு.
எல்லா பொண்ணுங்க அம்மா பேரும் தெரியும்.
சம்பளம் வரலைன்னாலும் அஞ்சரைக்கு கிரவுண்டு.
இதெல்லாம் நிஜம்தான். ஆனா படிச்சா ரேஷன் கார்டு மாதிரி இருக்கு.

பிப்ரவரி 7, சனி

காஸ் வந்தது. மேகமூட்டம்.

பிராக்டிஸ். கார்னர்லேருந்து பந்து வரவர நந்தினி தலையால முட்டணும். எண்ணினேன், பதினொண்ணு. நடுநடுவுல கண்ணைச் சுருக்கிண்டா, வெயிலே இல்ல. ஆ. சார் இடுப்புல கை வெச்சு அவளையே பார்த்துண்டு நின்னார். போய்ச் சொல்லணும்னு நினைச்சேன். ஐஸ் பெட்டியைக் கழுவப் போயிட்டேன். பாவம் பார்த்துச் சொல்லாம இருந்தேன்னு இல்ல. வாயைத் திறக்கச் சோம்பல், அவ்வளவுதான்.

வர்ற வழியில தாயார் சன்னதி. சேவிச்சேன். தீர்த்தம், சடாரி. பின்னாடி ஒரு மாமி, "செத்த நகருங்கோளேன், நின்னுண்டே தூங்கறேளா?" நகர்ந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஃபைனல். ஏழு மணிக்கு கிரவுண்டு. ஆ. சார் லிஸ்ட்டை நீட்டினார். ஒன்பதாம் நம்பர், நந்தினி.

பேனாவை மூடிட்டு எல்லாத்தையும் சொன்னேன். வாந்தி, கண்ணு, எல்லாம். அவர் நிமிரல.

"தெரியும் மேடம். நேத்தே கவனிச்சேன். பாதி ஆட்டம்தாங்க. காலேஜ்காரங்க பார்த்ததும் எடுத்துடறேன். அவ வாழ்க்கைங்க இது."

கோபம் வந்தது. ஆறு மாசத்துல எதுவும் வராத உடம்புல அது எங்கேருந்து வந்ததுன்னு தெரியல. மூடின பேனாவைக் கையில இறுக்கிப் பிடிச்சுண்டேன்.

"அவ பேர் இருந்தா நான் சைன் போட மாட்டேன் சார்."

நாலடி தள்ளி எச்.எம். நின்னுண்டிருந்தாங்க. அவங்களும் லேடிதான். சார் கேட்டா எனக்குப் பதிலா ஒரு வார்த்தை கேட்காம சைன் போட்டிருப்பாங்க. ஆ. சார் அவங்களைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். பேனாவை வாங்கி, ந. பேரை அவரே அடிச்சுட்டு வேற பேர் எழுதினார். போட்டேன்.

0-1. தோத்தாச்சு. ந. டவலைத் தலையில போட்டுண்டு பெஞ்ச் கடைசியில. காலேஜ்காரங்க இடைவேளையிலயே கிளம்பிட்டாங்க.

ஆட்டோல பெரியாஸ்பத்திரி, ஆ. சாரும் வந்தார். ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. ஆனா மூணு வாரம் பந்துப் பக்கமே போகக்கூடாதுன்னார் டாக்டர். ஹாஸ்டல் வாசல்ல அவளை விட்டதும் ஆ. சார் சொன்னார்: "அந்தப் பேப்பர்ல இன்னைக்குக் காலையில நான் சொன்னதையும் எழுதுங்க மேடம்." விளையாட்டுக்குச் சொல்றாரோன்னு பார்த்தேன். இல்ல.

பிப்ரவரி 9, திங்கள்

நல்ல வெயில். ஃபேன் ஓடல.

ந. ஒரு சர்டிஃபிகேட் வாங்க ஆபீசுக்கு வந்தா. ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டா. "என் சீட் போச்சு மேடம்." ஆமான்னேன். போயிட்டா. ஃபைலைத் திறந்து வெச்சுண்டு அழுதேன், பியூன் பார்க்கட்டும்னு.

மூணு மணிக்குப் பக்கத்தை எழுதி முடிச்சேன். கப் கடைசியில. முதல் வரி: 'ஃபைனல் அன்று காலை ஆரோக்கியம் சார் ஒரு தப்பு செய்ய இருந்தார், சொன்னதும் கேட்டுக்கொண்டார்.' எச்.எம். படிச்சுட்டுத் தலையில அடிச்சுண்டாங்க. இதை அனுப்பினா விருது எப்படிங்க வரும்னு அவரையே கூப்பிட்டு விட்டாங்க.

ஆ. சார் நின்னபடியே படிச்சார். என் பேனாவை வாங்கினார். 'செய்ய இருந்தார்' மேல கோடு போட்டு 'செய்தார்'னு எழுதினார்.

"சனிக்கிழமையே தெரிஞ்சுதான மேடம் அவளை ஹெட் பண்ண விட்டேன்."

எச்.எம். என்னைப் பார்த்தாங்க. நான் பேனாவைத் திருப்பி வாங்கி மூடிட்டேன். எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்.